நாக்கின் சாட்சியம்

14 ஆகஸ்ட் 2023, திங்கள்

இன்று காலை இரண்டாவது இட்லியின் முதல் விள்ளலில் கீழ் இடப்புறக் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. நேற்று இரவே தொடங்கிவிட்டது என்றும், நான் தூக்கத்தில் முனகியது அடுத்த அறை வரை கேட்டது என்றும் மருமகள் ஹெப்சி சொல்கிறாள். தூக்கத்தில் நடந்ததற்கு நான் பொறுப்பாளி அல்லன். எனவே தொடக்கம் இன்று என்றே பதிவு செய்கிறேன்.

கிராம்புத் தைலம் வைத்தேன். பயனில்லை.

கவலை பல்லைப் பற்றியது மட்டுமன்று. செப்டம்பர் பதினாறு, சனிக்கிழமை, ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனம். சேகரத்தார், அதாவது எங்கள் சபை மக்கள் அனைவரும், ஒரே பந்தலில் அமர்ந்து கறிச்சோறு உண்ணும் நாள். சமையலுக்குத் தலைவரான மாசிலாமணி குழம்பில் உப்பை எப்போதும் குறைத்தே போடுவார். கூடிவிட்டால் எடுக்க வழியில்லை. அண்டாவை இறக்குமுன் ஒருவர் குழம்பை நாக்கில் விட்டுப் பார்த்து, இன்னும் எத்தனை கை என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் முன்பு என் தந்தை. 1998 முதல் நான்.

16 ஆகஸ்ட், புதன்

சேகரக் கமிட்டியின் செயலர் டேனியல் பொன்ராஜ் வந்தார். நாற்பது வயது, எதையும் ‘சிஸ்டமாக’ செய்ய வேண்டும் என்பவர். வாசலிலேயே ஆரம்பித்தார்.

“என்ன சார், கன்னம் வீங்கியிருக்கு?”

“வீக்கமெல்லாம் இல்ல. என் கன்னமே இவ்வளவுதான்.”

“இல்ல, இந்த வருசம் வேணா ரெஸ்ட் எடுங்களேன். நம்ம சபையில நாக்குள்ள ஆளுக்கா பஞ்சம்?”

“நாக்குள்ள ஆளு நெறைய இருக்காங்க தம்பி. பாதிப் பேரு அத வேற வேலைக்குல்லா வச்சிருக்காங்க.”

சிரித்தார். ஆனால் போகும்போது சொன்னது சிரிப்புக்குரியதன்று. “மரியாதையிலதான் சொல்லுதேன் சார். ஒரு தடவ உப்பு தப்பிச்சுன்னா அவ்வளவு சனமும் பேசும். பொறவு கமிட்டி வேற ஆளப் போட்டுத்தான் ஆகணும். என் மச்சான்கூடக் கேட்டுட்டிருக்கான்.”

காப்பி குடிக்காமல் போய்விட்டார். அதுவும் ஒரு குறிப்புத்தானோ என்னவோ.

18 ஆகஸ்ட், வெள்ளி

பல் மருத்துவமனை. ஹெப்சி உடன் வந்தாள். மருத்துவர் நஸ்ரின் என்னும் இளம்பெண். என்னைத் ‘தாத்தா’ என்று அழைக்காமல் ‘சார்’ என்றதால் முதல் ஐந்து நிமிடம் நல்லபடியாகவே சென்றது.

எந்தப் பல் என்று கேட்டார். கீழ்ப் பல்லின் மீது விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்தப் பல்லைத் தட்டினார், ஒன்றுமில்லை. பனிக்கட்டி போன்ற எதையோ வைத்தார், குளிர்ந்தது, அவ்வளவே. பிறகு நான் புகாரே சொல்லாத மேல் பல்லில் அதை வைத்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன் என்று ஹெப்சி சொல்கிறாள்.

மேல் பல்லின் பழைய அடைப்புக்கு அடியில் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டதாம். ரூட் கேனால் செய்ய வேண்டுமாம். நீதிமன்றத்தில் பணியாற்றிச் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். வலிப்பவனே நேரில் கண்ட சாட்சி. அவன் சொல்வதை விட்டுவிட்டு எதிர்வரிசைப் பல்லைக் குற்றவாளி ஆக்குவது எந்த முறை என்று கேட்டேன்.

“வலி பொய் சொல்லாது சார். ஆனா அட்ரஸத் தப்பாச் சொல்லும்” என்றார். “ஒரே பக்கத்துல மேல் பல்லும் கீழ் பல்லும் ஒரே நரம்போட கிளைங்கதான். மூளைக்குக் குழப்பம் வந்துரும்.”

மூளைக்கு அல்ல, எனக்கு வந்தது.

இரத்த அழுத்தமும் பார்த்தார்கள். 168/98. வலியில் எவருக்கும் கூடும். மருத்துவர், வீட்டில் உப்பைக் குறைத்துப் பார்க்கும்படியும், பொது மருத்துவர் ஒருவரைப் பார்க்கும்படியும் சொன்னார். அசனம் முடிந்தபின் பார்க்கலாம் என்றேன். ஹெப்சி மருத்துவரைப் பார்த்தாள். மருத்துவர் ஹெப்சியைப் பார்த்தார்.

சீட்டில் அடுத்த வாய்தா 21-9 என்று எழுதியிருந்தது. 21-8 என்று திருத்திக் கொடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண் நன்றி சொல்லவில்லை.

19 ஆகஸ்ட், சனி

காலையில் ஹெப்சியை அழைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: அசனம் முடியும்வரை அடுக்களையில் எதையும் மாற்றக் கூடாது, உப்புப் பார்க்கும் நாக்கு பழகிய அளவிலிருந்து பிசகக் கூடாது. “சரி மாமா” என்றாள். சொன்னவுடன் ஒப்புக்கொள்வது அவளிடம் அரிது. மகிழ்ச்சி.

மாலையில் மஸ்கட்டிலிருந்து என் மகன் எட்வின் பேசினான். என்னிடம் இரண்டு நிமிடம். பிறகு ஹெப்சி தொலைபேசியைப் புறவாசலுக்கு எடுத்துச் சென்று நெடுநேரம் பேசினாள். அவன் விடுமுறையைப் பற்றியதாக இருக்கும்.

21 ஆகஸ்ட், திங்கள்

முதல் அமர்வு. மரத்துப்போக ஊசி போட்டார்கள். வாய்க்கு மேல் ஒரு ரப்பர் திரையைக் கட்டி, பல்லை மட்டும் வெளியே தெரிய வைத்து, மயிர்போன்ற சிறு அரங்களால் உள்ளே குடைந்தார்கள். வலியில்லை. வலியில்லை என்பதே அச்சமாக இருந்தது. தற்காலிக அடைப்பு. காலையும் இரவும் கொப்பளிக்க ஒரு மருந்து, கசப்பு.

வீட்டிற்கு வந்து காப்பி குடித்தேன். பாதி என் வாயில் இறங்கியது. மீதி சட்டையில் இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை. உதடு இருந்த இடத்தில் வேறு யாருடைய உதடோ இருந்தது.

மாலையில் மரப்பு விட்டது. கீழ்ப் பல்லைத் தட்டிப் பார்த்தேன், கடித்துப் பார்த்தேன். வலி முற்றாக இல்லை. அந்தப் பல்லை எவரும் தொடக்கூட இல்லை. நான் விரல் வைத்துச் சத்தியம் செய்யாத குறையாகக் காட்டிய பல் குற்றமற்றது. அப்படியானால் ஒரு வாரமாக எனக்கு வலித்தது எது?

22 ஆகஸ்ட், செவ்வாய்

கஞ்சி. வலியில்லை. குழப்பம் உண்டு.

24 ஆகஸ்ட், வியாழன்

இன்று முதல் சோறு. சாம்பாரில் உப்பு இல்லை.

“ஹெப்சி, சாம்பாருக்கு உப்புப் போட்டியாம்மா?”

“போட்டேனே மாமா.” அகப்பையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

26 ஆகஸ்ட், சனி

நேற்று ரசத்தில் உப்பு இல்லை. இன்று அவரைக்காய்ப் பொரியலில் இல்லை. மேசையில் உப்பு ஜாடியும் இல்லை. ஈரம் கோத்துவிட்டதாம், உள்ளே எடுத்து வைத்திருக்கிறாளாம். ஆகஸ்ட் மாதத்துப் பாளையங்கோட்டையில் ஈரம்!

“எப்பவும் போடுத அளவுதான் மாமா” என்றாள்.

அப்போது நான், “கிருபை இருந்திருந்தா இந்த வீட்டுல இப்படிச் சோறு பொங்க விட்டிருக்க மாட்டா” என்று சொல்லிவிட்டேன். என் மனைவி இறந்து மூன்றாண்டு ஆகிறது. ஹெப்சி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளும் அதன்பின் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

28 ஆகஸ்ட், திங்கள்

இரண்டாம் அமர்வு. அரம், கழுவுதல், மீண்டும் அரம். இடையில் வாயைத் திறக்க அனுமதித்தபோது, வீட்டுச் சமையலில் உப்பு குறைந்துவிட்டதைப் பொதுவாகக் குறிப்பிட்டேன்.

“அந்த மவுத்வாஷ் செய்யுற வேலையா இருக்கும் சார்” என்றார் மருத்துவர். “சிலருக்கு ருசி மாறும். முக்கியமா உப்புதான் தெரியாமப் போகும். நிறுத்துனா கொஞ்ச நாள்ல திரும்பிரும். வர்ற வியாழனோட நிறுத்திருங்க.”

நான் ஹெப்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தை மிகுந்த அக்கறையுடன் படித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பல் தவறான முகவரி தந்தது. இப்போது நாக்கு. ஒரே வாய்க்குள் இரண்டு பொய்ச் சாட்சிகள். இவற்றை நம்பி ஒரு பெண்ணின் மீது, அதுவும் இறந்தவளின் பெயரைச் சொல்லி, குற்றம் சாட்டியிருக்கிறேன்.

29 ஆகஸ்ட், செவ்வாய்

காலை உணவுக்குப் பின் ஹெப்சியை முன்னறைக்கு அழைத்து, நாற்காலியில் உட்காரச் சொல்லி, இருபத்தாறாம் தேதி நான் சொன்னவற்றைத் திரும்பப் பெறுவதாகவும், தவறு என் நாக்கினுடையது என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் கூறினேன்.

“ஐயோ, விடுங்க மாமா. அதெல்லாம் எதுக்கு? வேண்டாம் மாமா” என்று எழுந்தே விட்டாள். முகம் சிவந்துவிட்டது. அடுக்களைக்குள் போய் ஏதோ ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள். தன்னடக்கம் மிக்க பெண். இதுவரை நான் கவனிக்கவில்லை.

2 செப்டம்பர், சனி

கொப்பளிக்கும் மருந்தை வியாழன் இரவோடு நிறுத்தினேன். உப்பு இன்னும் திரும்பவில்லை.

பக்கத்து வீட்டுத் தங்கையாவின் மனைவி சாளை மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். உப்பு சரியாக இருந்தது. அந்த வீட்டில் எப்போதுமே உப்புக் கை. பழுதுபட்ட என் நாக்குக்கே சரியாகப் படுகிறதென்றால், மற்றவர்கள் அதை எப்படித்தான் உண்கிறார்களோ!

நான் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டபோது ஹெப்சி கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

4 செப்டம்பர், திங்கள்

வேர்களை நிரந்தரமாக அடைத்தார்கள். இரத்த அழுத்தம் 142/86. “நல்லாக் கொறஞ்சிருக்கே!” என்று மருத்துவர் வியந்தார். பல் வலி நின்றதால் குறைந்தது என்று விளக்கினேன். ஹெப்சி, “ஆமா மாமா, அதான்” என்றாள். தலைக்கவசம்போல் பல்லுக்கு மேல் மாட்டும் உறைக்கு அளவெடுத்தார்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வெண்மையான ஒன்றை அவர்கள் பரிந்துரைத்தார்கள்; என் மற்றப் பற்களோடு ஒத்துப்போகும் மங்கலையே கேட்டு வாங்கினேன். வாயில் ஒன்றாவது மற்றவற்றோடு ஒத்துப்போகட்டும்.

11 செப்டம்பர், திங்கள்

உறை பொருத்தப்பட்டது. சிகிச்சை முற்றுப்பெற்றது. ருசி திரும்பியிருக்க வேண்டுமே என்று மருத்துவர் கேட்டார். திரும்பிவிட்டது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஹெப்சிக்கு இருமல் வந்தது.

13 செப்டம்பர், புதன்

ஹெப்சி துணி காயப்போடச் சென்றபோது அடுக்களைக்குள் போய் ஜாடியைத் தேடி எடுத்து, ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. ஐயத்திற்கு இடமின்றிக் கரித்தது. மதியம் அதே உப்பைப் போட்டு வைத்த குழம்பில் உப்பு இல்லை. கல்லாக இருக்கும்போது தெரிவது குழம்பில் கரைந்ததும் ஏன் தெரியாமல் போகிறது? இப்படியொரு நோய் உண்டா? யாரிடம் கேட்பது? கேட்டால் அது டேனியல் காதுக்குப் போகாமல் இருக்குமா?

15 செப்டம்பர், வெள்ளி

பந்தல் போட்டாகிவிட்டது. மாலையில் மாசிலாமணி வந்தார்.

“அண்ணாச்சி, நாளைக்கு வந்துருவியள்லா? என்னமோ பல்லப் புடுங்கிட்டாகன்னாங்க.”

“புடுங்கல. வேரத்தான் சரி பண்ணாங்க.”

“எப்படியோ, நாக்கு இருக்குல்லா? நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாத்தான் எனக்கு அண்டாவ எறக்க மனசு வரும். வேற ஆளு வந்து நின்னா கை ஓடாது.”

உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தேன். “காலம்பறயே வந்துருவேன்” என்றுதான் வந்தது.

அவர் போனபின் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டேன். ஹெப்சி எப்போதும் போடும் அளவையே போடுகிறாள். அது என் நாக்குக்குக் குறைவாகப் படுகிறது. எவ்வளவு குறைவாகப் படுகிறது என்பது நாள்தோறும் உண்டு எனக்குப் பழகிவிட்டது. ஆகவே நாளை குழம்பு வீட்டுக் குழம்பைப்போல் இருந்தால், அதுவே சரியான அளவு. நாக்கு என்ன சொன்னாலும் அதில் நோயின் பங்கைக் கழித்துவிட வேண்டும். பொய்ச் சாட்சியிடமிருந்தும் உண்மையைப் பெறலாம், எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்று தெரிந்திருந்தால்.

இவ்வளவு தெளிவாக எழுதிய பிறகும் மனம் ஏன் அமைதியாக இல்லை என்று தெரியவில்லை.

16 செப்டம்பர், சனி

அசனம். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் பந்திக்கான அண்டா தயாரானதும் மாசிலாமணி அழைத்தார். இரண்டாம் பந்திக்கானது அடுத்த அடுப்பில் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. டேனியல் என் அருகில் வந்து நின்றார். அவர் மச்சானும் நின்றார். குருவானவர் சிறு ஜெபம் செய்தார். மாசிலாமணி கரண்டியில் குழம்பை எடுத்து ஊதி, என் உள்ளங்கையில் விட்டார்.

வீட்டுக் குழம்பு போலவே இருந்தது. அதே அளவு குறைவு. என் நாக்கு ‘ஒன்றரைக் கை’ என்றது. அது சொல்லும் என்பது எனக்கு முன்பே தெரியும், நான் ஏமாறவில்லை.

“எத்தன கை அண்ணாச்சி?” மாசிலாமணியின் கை உப்புச் சட்டிக்குள் இருந்தது.

“போதும். எறக்கலாம்.”

“போதுமா?”

“போதும்னு சொன்னேன்லா.”

அவர் கையைச் சட்டியிலிருந்து மெல்ல எடுத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் வார்த்தை வார்த்தைதான். அண்டா இறங்கியது.

முதல் பந்தியில் தங்கையா நான் நின்ற இடத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். முதல் வாய் எடுத்தார். மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

“வே சிரஸ்தாரே, கறி நல்லா வெந்திருக்கு.”

“உப்பு?”

“கறி நல்லா வெந்திருக்குன்னு சொன்னேன்லா.”

பந்தல் முழுவதும் அமைதியாக இருந்தது. அசனப் பந்தல் ஒருபோதும் அமைதியாக இருந்ததில்லை. குனிந்த தலைகளைப் பார்த்தேன். எவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குழந்தையின் குரல்: “அம்மா, உப்பே இல்ல!” அந்தத் தாய் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். அதற்குள் பத்துப் பேர் உப்பு கேட்டுவிட்டார்கள்.

டேனியல் ஒரு தட்டில் உப்பை எடுத்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் போய்விட்டு, என்னிடம் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை, அதை மறுக்க மாட்டேன்.

“சார், நீங்க போய் உக்காருங்க. ரெண்டாவது அண்டாவ மச்சான் பாத்துக்கிடுவான். ஒடம்புக்கு முடியாததுக்கு யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

 கழித்தது தவறா, கூட்டியிருக்க வேண்டுமா என்று கணக்கே குழம்பிவிட்டது. போய் உட்காரத்தான் திரும்பினேன்.

பெண்கள் வரிசையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த ஹெப்சி வாளியோடு வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

“மாமா நாக்குல ஒரு கொறையும் கெடையாது” என்றாள். எல்லோருக்கும் கேட்டது. “நான்தான் வீட்ல உப்ப பாதியாக் கொறச்சேன். மாமா கேட்டப்பல்லாம் போட்டிருக்கேன்னு பொய் சொன்னேன். ஆகஸ்ட் பத்தொம்பதாம் தேதியிலேருந்து.”

தேதியைச் சரியாகச் சொன்னாள்.

“எதுக்கும்மா?” என்றார் டேனியல்.

“பிரஷர். டாக்டரம்மா கொறைக்கச் சொன்னாங்க. மாமா மாட்டேன்னாங்க. எங்க வீட்டுக்காரரும் ஃபோன்ல, ‘அப்பாட்ட சொல்லாமச் செய்’ன்னாங்க. நான் செஞ்சேன்.”

“என்ன மன்னிப்புக் கேக்க வச்சியேம்மா” என்றேன். அந்த இடத்தில் கேட்க வேண்டியது அது அன்று. ஆனால் அதுதான் வந்தது. “இருபத்தொம்பதாம் தேதி. நாற்காலி போட்டு.”

“நீங்க மன்னிப்பு கேப்பியன்னு யாரு மாமா நெனச்சா? பயந்துபோயிட்டேன். அப்பவே சொல்லியிருந்தா மறுபடியும் உப்ப அள்ளிப் போடச் சொல்லுவிய. அத்தைக்குத்தான் பிரஷர நேரத்தோட பாக்காம விட்டுட்டோம்.” அவள் அழவில்லை. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை ஏற்கெனவே உலர்ந்திருந்தும்.

மாசிலாமணி அடுப்படியிலிருந்து கத்தினார். “அண்ணாச்சி! ரெண்டாவது அண்டா கொதிக்கி! வாரியளா, இல்ல நான் உப்பு இல்லாமயே எறக்கட்டா?”

டேனியல் தம் மச்சானைப் பார்த்தார். மச்சான் பந்தல் காலைப் பார்த்தார். நான் அடுப்புக்குப் போனேன்.

உள்ளங்கையில் விட்டார்கள். நாக்கு சொன்னது. கழிக்கவில்லை, கூட்டவில்லை, அது சொன்னபடியே சொன்னேன். “ஒண்ணரக் கை.”

“இதத்தான மொதல்லயே சொல்லியிருக்கணும்!” என்று மாசிலாமணி உப்பை அள்ளினார்.

இரண்டாம் பந்தியில் எவரும் உப்பு கேட்கவில்லை. பந்தல் இரைச்சலாக இருந்தது. தங்கையா அதிலும் வந்து உட்கார்ந்துவிட்டார். “மொத பந்தி பிரஷருக்கு வே. இதுதான் பண்டிகைக்கு.” டேனியலும் அந்தப் பந்தியில்தான் இருந்தார். இரண்டாம் முறை குழம்பு வாங்கினார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

17 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது டேனியல், “அடுத்த வருசம் பல்லையெல்லாம் பண்டிகைக்கு முன்னாடியே பாத்து வச்சுக்கிடுங்க சார்” என்றார். எந்தத் தேதிக்குள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஹெப்சியோடு இன்னும் பேசவில்லை. கோபம் என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். எங்கே வலிக்கிறது என்று எனக்குத் திட்டமாகத் தெரியவில்லை. தெரியாமல் விரல் வைத்துக் காட்ட இனி நான் தயாராக இல்லை.

18 செப்டம்பர், திங்கள்

ஹெப்சியை அழைத்துக்கொண்டு பொது மருத்துவரிடம் சென்றேன். 138/84. மாத்திரை இப்போது தேவையில்லை, சாப்பாட்டை இப்படியே தொடருங்கள் என்றார். “இப்படியே என்றால் எப்படி?” என்று கேட்டேன். ஹெப்சி கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவளிடம் கேட்டேன்.

“எனக்கு உப்பில்லாமப் போட்ட. நீ என்னம்மா சாப்பிட்ட, இந்த ஒரு மாசமா?”

“ஒரே வீட்ல ரெண்டு கொழம்பா மாமா வைப்பாங்க?” என்றாள். “எனக்கும் அதேதான்.”

சிறிது தூரம் போனபின், “சாளைக் குழம்பு அன்னைக்கு மட்டும் கிண்ணத்த உள்ள கொண்டுபோய் நக்கிட்டேன்” என்றாள்.

மதியம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. முதல் முறையாக இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். ஜாடி மேசைக்குத் திரும்பியிருந்தது. நான் அதைத் தொடவில்லை.

உப்பு பாதியளவு குறைவு என்று நாக்கு சொன்னது. நம்பினேன். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.